டாட்டூவும் ஆஸ்பத்திரி வேலையும்: காட்டுவதா, மறைப்பதா, அழிப்பதா, தள்ளிப் போடுவதா?

நர்ஸிங் மூன்றாம் வருஷம் படிக்கும் ஒரு பெண், மணிக்கட்டில் அம்மாவின் பெயரைக் குத்திக்கொள்ள ஆசைப்படுகிறார். இன்னொருவர் பிசியோதெரபிஸ்ட். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இலையும் கொடியுமாக ஏற்கெனவே டாட்டூ இருக்கிறது, புது ஆஸ்பத்திரியில் இன்டர்வியூ வருகிறது. மூன்றாமவர் ஒரு டாக்டர். 19 வயதில் கழுத்தில் குத்திய டாட்டூவை நினைத்து இப்போது தூக்கம் இல்லாமல் தவிக்கிறார். மூவரும் எழுதியது வேறு வேறு கடிதம், ஆனால் உள்ளே இருக்கும் பயம் ஒன்றுதான்: இந்த மையைப் பார்த்து, என் வேலையைப் பார்க்காமலே என்னை எடைபோட்டுவிடுவார்களோ?

பல வருஷம் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், அவ்வப்போது இன்டர்வியூ மேசையின் அந்தப் பக்கமும் உட்காருகிறேன். "தாராளமாகக் குத்திக்கொள்" என்பவர்களும் சரி, "ஆஸ்பத்திரி வேலைக்கு டாட்டூவே ஆகாது" என்பவர்களும் சரி, ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். மற்ற வேலைகளில் முழுக்கைச் சட்டை போட்டால் பிரச்சினை முடிந்தது. நோயாளியைத் தொடும் வேலையில் முழுக்கைச் சட்டையே போட முடியாது. அதனால் என்ன படம் என்று யோசிப்பதற்கு முன்னால் எந்த இடம் என்று யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால், முழங்கைதான் எல்லைக்கோடு.

## எதை எதை வைத்து முடிவெடுப்பது?

கை சுத்தம். பிரிட்டனில் 2007-ல் அறிவித்து 2008-லிருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி ஒன்று உண்டு: முழங்கைக்குக் கீழே வெறுங்கை. நீளக் கை சட்டை, வாட்ச், வளையல் எதுவும் கூடாது. வேலைப்பாடு இல்லாத மோதிரம் ஒன்று மட்டும் போகட்டும் என்று விட்டார்கள். கையைச் சுற்றி எதுவும் இருந்தால் மணிக்கட்டு வரை ஒழுங்காகக் கழுவ முடியாது என்பதே காரணம். பிரிட்டனுக்கு வெளியேயும் நிறைய ஆஸ்பத்திரிகள் இதே வழியில்தான் போகின்றன. விளைவு, நம் முன்னங்கைதான் முகத்துக்கு அடுத்தபடியாக நோயாளி பார்க்கும் இடம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துவிடுகிறேன். நன்றாக ஆறிய டாட்டூவால் தொற்று பரவாது. மை மேல்தோலைத் தாண்டி உள்தோலில் போய் உட்காருகிறது, மேலே இருப்பது எல்லோருக்கும் இருக்கிற அதே தோல்தான். உள்ளே மாக்ரோஃபேஜ் என்னும் காவல் செல்கள் மையை விழுங்கி வைத்திருக்கின்றன. அந்த செல் செத்தால், புதிதாக வரும் செல் அதே மையைத் திரும்ப விழுங்கிக்கொள்கிறது என்று 2018-ல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். டாட்டூ காலத்துக்கும் நிற்பது இதனால்தான். ஆனால் புதிதாகக் குத்திய டாட்டூ வேறு கதை. அது திறந்த காயம். மேலே ஆறவே இரண்டு மூன்று வாரம் ஆகும்.

நோயாளியின் கண். பலருக்கும் பெரிய பயம் இதுதான். இதைப் பற்றி நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு எமர்ஜென்சி பிரிவில் டாக்டர்கள் சில நாள் சாதாரணமாகவும், சில நாள் கையில் தற்காலிக டாட்டூவோடும், சில நாள் மூக்குத்தி, வளையம் போன்றவற்றோடும் வேலை பார்த்தார்கள். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லாமல் நோயாளிகளிடம் டாக்டரைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். திறமை, அக்கறை, நம்பகத்தன்மை எதிலும் வித்தியாசம் தெரியவில்லை. 2018-ல் வெளியான ஆய்வு இது. அதற்கு முன் 2012-ல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில், வார்டில் படுத்திருந்தவர்களிடம் ஊழியர்களின் புகைப்படங்களைக் காட்டிக் கேட்டார்கள். அதில் டாட்டூ இருக்கும் பெண்ணுக்கு, அதே மாதிரி டாட்டூ இருக்கும் ஆணைவிடத் தொழில்முறைத் தோற்றம் குறைவு என்று நோயாளிகள் மதிப்பிட்டார்கள்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இது. புகைப்படத்தில் படம் மட்டும்தான் இருக்கிறது. நேரில் வந்து வலி எங்கே என்று கேட்டு, நாடி பிடித்து, சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருகிற ஆளிடம் நோயாளி எடைபோடுவதற்கு வேறு நிறைய இருக்கிறது. அப்புறம், பெண்களை மட்டும் கூடுதலாக எடைபோடுவது அநியாயம். அநியாயம் என்பதாலேயே அது இல்லாமல் போய்விடாது, அதனால் முடிவெடுக்கும்போது பெண்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

வேலை கொடுப்பவரின் விதி. நோயாளியைவிட முன்னால் உங்களை எடைபோடுவது கல்லூரியும் இன்டர்வியூ குழுவும்தான். சட்டம் இதில் பெரிதாகக் கைகொடுக்காது. பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், உருவச் சிதைவுக்குக் கொடுக்கும் பாதுகாப்பு டாட்டூவுக்குக் கிடையாது என்று தெளிவாகவே சொல்கின்றன. அமெரிக்காவிலும் டாட்டூவை மட்டும் வைத்துப் பாதுகாப்புக் கொடுக்கும் பொதுவான மத்தியச் சட்டம் இல்லை. மத நம்பிக்கை சார்ந்தது என்றால் கதை மாறலாம்.

திரும்ப முடியுமா. இன்று எடுக்கும் முடிவை மூன்று வருஷம் கழித்து மாற்ற எவ்வளவு காசு, எவ்வளவு வலி, எவ்வளவு காலம்?

பத்து வருஷம் கழித்து எந்த வார்டு. இதை யாரும் யோசிப்பதில்லை. இன்று ஆபரேஷன் தியேட்டரில் இருப்பவர் நாளைக்கு மனநலப் பிரிவுக்குப் போகலாம், குழந்தைகள் வார்டுக்குப் போகலாம், கற்பிக்கப் போகலாம். கை மட்டும் அதே கை.

| வழி | கை சுத்தம் | இன்டர்வியூவில் | மறைமுகச் செலவு | திரும்ப முடியுமா |
|---|---|---|---|---|
| தள்ளிப் போடுவது | சிக்கல் இல்லை | சிக்கல் இல்லை | ஆசையை அடக்குவது | முழுதாக |
| முழங்கைக்கு மேல் | ஆறிய பின் சிக்கல் இல்லை | பெரும்பாலும் தெரியாது | இடம் தப்பினால் பாதி தெரியும் | லேசர் மட்டும்தான், ஆனால் அவசரம் இருக்காது |
| முழங்கைக்குக் கீழ், வெளிப்படையாக | ஆறிய பின் சிக்கல் இல்லை | இடத்துக்கு இடம் மாறும் | தினமும் கேள்விகள், சில வார்டுகளில் சங்கடம் | கஷ்டம் |
| முழங்கைக்குக் கீழ், மறைத்து | சிக்கல் அதிகம் | தற்காலிகமாகத் தப்பலாம் | தினசரி வேலை, தோல் எரிச்சல் | கஷ்டம் |
| லேசரில் அழிப்பது | ஒவ்வொரு சிட்டிங்குக்குப் பிறகும் காயம் | கால அவகாசம் வேண்டும் | பணம், ஒரு வருஷத்துக்கு மேல், நிறமாற்றம் | இதுவே திரும்பும் வழி |

## தள்ளிப் போடுவது

படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், வேண்டாம் என்று இல்லை, பிறகு என்று. படிக்கும் காலத்தில் பயிற்சிக்கு நாலைந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு விதி. அதில் எது ரொம்பக் கண்டிப்பானதோ அதுதான் உங்களுக்கு விதி. மூன்று இடத்தில் கண்டுகொள்ள மாட்டார்கள், நாலாவது இடத்தில் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், அந்தப் பயிற்சி நேரம் கணக்கில் குறையும்.

இன்னொரு காரணமும் உண்டு. ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் பி-க்கு மாணவர்களுக்குத் தடுப்பூசி போடுவார்கள், வழக்கமாக ஆறு மாதத்தில் மூன்று டோஸ். ஊசி சம்பந்தப்பட்ட எதற்கும் போவதற்கு முன் அது முடிந்திருப்பது நல்லது. ஒவ்வோர் ஆளுக்கும் புது ஊசி, புது மைக் கிண்ணம் என்று கண் முன்னால் பிரிக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கும் கை நீட்டாதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஊசிக்குத்துக் காயம் என்றால் என்னவென்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? ரத்தம் கொடுப்பவராக இருந்தால் அதையும் யோசியுங்கள். டாட்டூ குத்திய பிறகு சில மாதம் ரத்தம் எடுக்க மாட்டார்கள். பிரிட்டனில் 4 மாதம், சில நாடுகளில் அதைவிட அதிகம்.

தள்ளிப் போடுவது எப்போது சரிவராது? காலம் கடந்தால் அர்த்தம் போய்விடும் விஷயங்களுக்கு. இறந்த குழந்தையின் பாதச் சுவடைக் குத்திக்கொள்ள விரும்பிய ஒருவரிடம் "இரண்டு வருஷம் பொறு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த பகுதியைத்தான் அவரிடம் சொன்னேன்.

## முழங்கைக்கு மேலே

தோள், மேல்கை, முதுகு, இடுப்பு, தொடை. டாட்டூவும் கிடைக்கும், வேலையும் சிக்கலாகாது. பெரும்பாலானவர்களுக்கு நான் கைகாட்டும் வழி இது. ஆனால் இதிலும் ஒரு குழி இருக்கிறது. "மறைவான இடம்" என்று கண்ணாடி முன் நேராக நின்று பார்த்து முடிவெடுக்கிறார்கள். வார்டில் நாம் நேராக நிற்பதே இல்லையே.

அதனால் ஒரு சோதனை. வேலைக்குப் போடும் ஸ்க்ரப்ஸையே போட்டுக்கொள்ளுங்கள். டாட்டூ வரப்போகும் இடத்தில் பேனாவால் எல்லை வரைந்துகொள்ளுங்கள். சலைன் பாட்டிலை ஸ்டாண்டில் மாட்டுவதுபோல் ஒரு கையைத் தூக்குங்கள். ஸ்லீவ் தோள் வரை ஏறும், மேல்கையின் உள்பக்கம் முழுக்கத் தெரியும். அடுத்து, படுத்திருப்பவரின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைப்பதுபோல் குனியுங்கள். கழுத்துப் பக்கம் துணி தொங்கி, காறை எலும்புக்குக் கீழே இருப்பது நோயாளியின் முகத்துக்கு நேராக வரும். அப்புறம் தரையில் விழுந்ததை எடுப்பதுபோல் உட்காருங்கள். இடுப்பு தெரிகிறதா? கடைசியாக, முடியைத் தூக்கிக் கட்டித் தொப்பி போடுங்கள். காதுக்குப் பின்னால் குத்தினால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பவர்கள் இந்தக் கட்டத்தில்தான் மனம் மாறுகிறார்கள்.

முடிந்தால் ஒட்டும் தற்காலிக டாட்டூவை அதே இடத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு வாரம் டியூட்டி பாருங்கள். யார் என்ன கேட்கிறார்கள், உங்களுக்கே எத்தனை முறை கை அங்கே போகிறது என்பது தெரிந்துவிடும்.

குத்தும் நாளையும் யோசித்து வையுங்கள். தொடர்ந்து விடுப்பு இருக்கும்போது குத்திக்கொள்வது நல்லது. மேல்கை என்றாலும் ஆறாத காயம் காயம்தான். துணி உரசும், வியர்வை படும், வார்டின் கிருமிகள் சாதாரணக் கிருமிகள் இல்லை.

## முழங்கைக்குக் கீழே, வெளிப்படையாக

இப்போது காலம் மாறிக்கொண்டிருக்கிறது என்பது உண்மை. அமெரிக்காவின் பெயர்பெற்ற மேயோ கிளினிக் 2018-ல் விதியைத் தளர்த்தி, ஊழியர்களின் டாட்டூ வெளியே தெரியலாம் என்று அனுமதித்தது. வன்முறை, பாகுபாடு, ஆபாசம், கெட்ட வார்த்தை இவை மட்டும் கூடாது. டாட்டூ இருக்கிறதா என்ற கேள்வி போய், என்ன டாட்டூ என்ற கேள்விக்கு வந்திருக்கிறார்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. அப்படியானால் என்ன டாட்டூ என்பதை நோயாளியின் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

நான் பார்த்த இரண்டு காட்சிகளைச் சொல்கிறேன். கேனுலா என்னும் சலைன் ஏற்றும் ஊசிக்குழாய் போட வேண்டிய ஐந்து வயதுப் பையன், கையை இழுத்துக்கொண்டு அழுகை. நர்ஸின் முன்னங்கையில் மீன்கள் வரிசையாக நீந்தும். "எத்தனை மீன்?" என்றார் அவர். பையன் ஏழாவது மீனுக்கு வந்தபோது ஊசி உள்ளே போய் பிளாஸ்டரும் ஒட்டியாகிவிட்டது. அந்த வார்டில் அந்தக் கை ஒரு சொத்து.

அதே மாதிரி திறமையான இன்னொரு நர்ஸ், முதியோர் வார்டில். புறங்கையில் அழகான ஒரு சிலந்தி. சிறுநீர்த் தொற்றால் டெலிரியம் என்னும் குழப்பநிலையில் இருந்த ஒரு பாட்டி, அந்தக் கை பக்கத்தில் வந்தபோதெல்லாம் சிலந்தியைத் தட்டிவிடப் பார்த்தார். பிறகு கத்தினார். பிறகு மாத்திரை வாங்க மறுத்தார். குழப்பநிலையில் இருப்பவர்களுக்குச் சுவரில் இருக்கும் கறைகூட ஊர்வதுபோல் தெரியும், கை நீட்டி மருந்து கொடுக்கும் சிலந்தி எப்படித் தெரிந்திருக்கும்? அந்த நர்ஸ் மேல் ஒரு தவறும் இல்லை. கிளவுஸ் போட்டுச் சமாளித்தார், பிறகு அந்தக் கட்டிலை வேறொருவர் பார்த்துக்கொண்டார்.

இந்த மாதிரி வார்டுக்கு வார்டு மாறும் விஷயங்கள் நிறைய. மண்டை ஓடு உங்களுக்கு ஓர் ஓவியம், வலி தணிப்புச் சிகிச்சையில் கடைசி நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு அது வேறு. கத்தி, துப்பாக்கி, முள்கம்பி போன்றவை வன்முறையிலிருந்து தப்பி வந்தவரை எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது. முன்னங்கையில் வெறும் எண்கள்கூட எல்லோருக்கும் வெறும் எண்கள் இல்லை. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதை முகாமில் கைதிகளின் கையில் எண்ணைப் பச்சை குத்தினார்கள், அதிலிருந்து உயிரோடு வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் நோயாளிகளாக வரக்கூடியவர்கள்தான்.

மறுபக்கம், சில அடையாளங்கள் கதவைத் திறக்கும். அரைப்புள்ளி (;) டாட்டூ தெரியுமா? 2013-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஓர் இயக்கத்திலிருந்து பரவியது. வாக்கியத்தை முற்றுப்புள்ளியில் முடித்திருக்கலாம், முடிக்காமல் தொடர்ந்தேன் என்பது அதன் பொருள். தற்கொலை எண்ணத்தோடு வந்து யாரோடும் பேசாமல் படுத்திருப்பவர் அதைப் பார்த்துவிட்டு வாய் திறப்பது நடக்கும். ஆனால் "உங்களுக்கும் அப்படி இருந்ததா?" என்று அவர் கேட்பதும் நடக்கும். உங்கள் வாழ்க்கையில் எவ்வளவை நோயாளியிடம் சொல்வது என்ற எல்லையைத் தினமும் நீங்கள் காக்க வேண்டியிருக்கும். அந்தப் பொறுப்புக்குத் தயாராக இருப்பவர்கள் மட்டும் அதை மணிக்கட்டில் போட்டுக்கொள்ளலாம்.

பெயர்களும் இதே கதை. குழந்தையின் பெயர், பிறந்த தேதி, துணையின் பெயர் எல்லாம் வாசிக்கத் தெரிந்த எவருக்கும் நீங்கள் கொடுக்கும் தகவல். பெரும்பாலான நோயாளிகளால் ஓர் ஆபத்தும் இல்லை. எமர்ஜென்சியிலும் மனநலப் பிரிவிலும் சிறை மருத்துவத்திலும் வேலை பார்த்தவர்களுக்கு நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்று தெரியும்.

விரல் டாட்டூவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். விரலின் தோல் சீக்கிரம் தேய்ந்து புதுப்பிக்கும். அதோடு நம் கை ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை கழுவப்படுகிறது! சோப்பும் தண்ணீரும் போட்டால் 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் கலந்த ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி தேய்க்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கூர்மையான கோடு சில வருஷத்தில் மங்கி நீலச் சாம்பல் கறையாகிவிடும். டாட்டூ இருக்கிற கையைப் பார்த்து நோயாளி முகம் சுளிக்காமல் இருக்கலாம், ஆனால் அழுக்குக் கைபோல் தெரிகிற கையைப் பார்த்துச் சுளிப்பார். இதில் நான் கண்டிப்பு: விரலில் வேண்டாம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. எல்லா டாட்டூவும் விருப்ப அலங்காரம் இல்லை. நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்குத் தா மோக்கோ என்பது வம்சத்தைச் சொல்லும் குறி, பெண்கள் தாடையில் அணியும் மோக்கோ கவாயே அவர்கள் யார் என்பதையே சொல்வது. அப்படி ஒருவரிடம் "வேலை நேரத்தில் மறைத்துக்கொள்" என்று சொல்வதும், மாணவியின் பட்டாம்பூச்சியைப் பற்றிச் சொல்வதும் ஒன்றாகிவிடாது. விதி எழுதுகிறவர்கள் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

வெளிப்படையாக வைத்திருப்பது யாருக்கு நன்றாகப் பொருந்தும்? வேலை நிரந்தரமானவர்களுக்கு, விதி என்னவென்று எழுத்தில் பார்த்தவர்களுக்கு, எந்தக் கட்டிலில் காட்டினாலும் யாரையும் நோகடிக்காத படம் வைத்திருப்பவர்களுக்கு. புதிதாக வேலை தேடுபவர்களுக்கு இது துணிச்சலான தேர்வு. தவறான தேர்வு என்று சொல்ல மாட்டேன், விலை கொடுக்கத் தயாராக இருங்கள் என்பேன்.

## கீழே இருப்பதை வேலை நேரத்தில் மறைப்பது

கேட்பதற்கு எல்லாவற்றிலும் சுலபமான வழிபோல் இருக்கும். என் கணக்கில் நோயாளியைத் தொடுகிறவர்களுக்கு இதுதான் மோசமான வழி.

கன்சீலர் என்னும் தோல் நிற மேக்கப்பைப் பூசிக்கொண்டு முதல் நாள் வந்த ஒரு மாணவியின் கை இன்னும் ஞாபகம் இருக்கிறது. வாஷ் பேசினில் கை கழுவினார். வெள்ளைப் பீங்கானில் தோல் நிறத்தில் கோடு கோடாக ஓடியது. மூன்றாவது கட்டிலுக்கு வருவதற்குள் முன்னங்கையில் பாதி பூ தெரிந்தது, பாதி திட்டுத் திட்டாக மெழுகியிருந்தது. கிளவுஸின் விளிம்பில் கறை, நோயாளியின் போர்வையில் கறை. டாட்டூவை அப்படியே விட்டிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

துணி ஸ்லீவ் இன்னும் மோசம். அதன் ஓரம் முதல் கட்டிலில் நனையும், அந்த ஈரம் பத்தாவது கட்டில் வரை போகும். முழங்கைக்குக் கீழே வெறுங்கை என்று விதி வைத்ததே இதைத் தடுக்கத்தான். மேலே டிரெஸ்ஸிங் ஒட்டிக்கொள்வது ஒருநாள் இன்டர்வியூவுக்குச் சரி. தினமும் ஒட்டிப் பிய்த்தால் தோல் சிவந்து புண்ணாகும், பிறகு உண்மையிலேயே டிரெஸ்ஸிங் தேவைப்படும். அதோடு ஒவ்வொரு நோயாளியும் "கையில் என்னம்மா காயம்?" என்று கேட்பார், நீங்கள் பொய் சொல்ல வேண்டும். அடிபட்டுப் படுத்திருப்பவர் உங்கள் மேல் அக்கறைப்படும் அந்த நேரத்தில் பொய் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

மறைப்பது நன்றாக நடக்கும் இடங்களும் இருக்கின்றன. பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு நீளக் கை கோட் பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறது, முன்னங்கை தானாகவே மறைந்துவிடும். மருந்துக் கவுன்டர், மருத்துவப் பதிவேடுகள், உடலைத் தொடாமல் உட்கார்ந்து பேசும் ஆலோசனை வேலைகளில் முழுக்கைச் சட்டைக்குத் தடை இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் ஸ்டெரைல் கவுனும் கிளவுஸும் போட்டபின் மணிக்கட்டுகூடத் தெரியாது. ஆனால் மயக்கம் கொடுப்பதற்கு முன் அரைக்கை ஸ்க்ரப்ஸோடு நோயாளியிடம் பேசுகிற அந்தச் சில நிமிடம் இருக்கிறது, அதைக் கணக்கில் வையுங்கள். கழுத்தில் இருப்பவர்களுக்கு ஓர் ஆறுதல்: கழுத்தை நாம் நாள் முழுக்கக் கழுவுவதில்லை. அங்கே கன்சீலர் தாக்குப்பிடிக்கும், கிளவுஸையும் தொடாது.

## லேசரில் அழிப்பது

எந்த நிறமியை உடைக்க வேண்டுமோ அது உறிஞ்சும் அலைநீளத்தில், மிகக் குறுகிய துடிப்பாக லேசரை அடித்தால் பக்கத்துத் திசுவுக்கு அதிகச் சேதம் இல்லாமல் அதை மட்டும் உடைக்கலாம். ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு விஞ்ஞானிகள் 1983-ல் விளக்கிய தத்துவம் இது. உடைந்த துகள்களை உடலே கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்தும். "கொஞ்சம் கொஞ்சமாக" என்பதுதான் இதில் முக்கியம். ஒரு சிட்டிங்குக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆறு முதல் எட்டு வாரம் விடுவார்கள். பல சிட்டிங் தேவைப்படும், மொத்தத்தில் ஒரு வருஷத்தைத் தாண்டுவது சாதாரணம். அடுத்த மாதம் இன்டர்வியூ வைத்துக்கொண்டு இன்று லேசருக்கு ஓடாதீர்கள். பாதி மங்கிய டாட்டூவும் கொப்புளமுமாகப் போய் நிற்பீர்கள்.

எத்தனை சிட்டிங் ஆகும் என்று முன்கூட்டியே கணிக்க, 2009-ல் வெளியான கிர்பி–தேசாய் அளவுகோலைத் தோல் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். தோலின் நிறம், டாட்டூ இருக்கும் இடம், வண்ணம், மையின் அளவு, தழும்பு, ஒன்றின் மேல் ஒன்று குத்தியதா என்ற ஆறையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். கறுப்பு மை சுலபம். பச்சையும் நீலமும் பிடிவாதம். வெள்ளையும் தோல் நிறமும் லேசர் பட்டதும் திடீரென்று கறுத்துப் போகக்கூடும், அதனால் ஓரத்தில் சிறிய இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உடலின் நடுப்பகுதியிலிருந்து தள்ளிப்போகப் போக மை கரையும் வேகம் குறையும். மறைப்பதற்கு ரொம்பக் கஷ்டமான கையும் விரலும்தான் அழிப்பதற்கும் கஷ்டம். கழுத்து சீக்கிரம் தெளியும்.

மாநிறமும் கறுப்புத் தோலும் உள்ளவர்கள் கவனிக்க: அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ போகும் ஆபத்து உங்களுக்குக் கூடுதல். 1064 நானோமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்யும் என்டி-யாக் லேசர் கறுப்பு மைக்கு உங்கள் தோலில் பாதுகாப்பானது. எந்தக் கருவி, உங்களைப் போன்ற நிறத்தில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அமிலம் வைப்பது, உப்புப் போட்டுத் தேய்ப்பது என்று உலவும் வழிகள் டாட்டூவின் இடத்தில் தழும்பை வைத்துவிட்டுப் போகும்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால் பணத்தைவிட விடுப்பு பெரிது. ஒவ்வொரு சிட்டிங்குக்குப் பிறகும் முன்னங்கையில் கொப்புளமோ பொருக்கோ இருக்கும். வெறுங்கையோடு நோயாளியைத் தொடக் கூடாது, மூடினால் கழுவ முடியாது.

பிறகு யாருக்கு லேசர்? வெறுப்பைச் சொல்லும் சின்னம், கெட்ட வார்த்தை, எந்தக் கும்பலின் குறியோ என்று சந்தேகம் வரும் படம், முகத்தில் இருப்பவை. இவற்றுக்குத் தயங்காமல் தொடங்குங்கள். முழுக்க அழிக்காமல் இரண்டு மூன்று சிட்டிங்கில் மங்கவைத்து மேலே வேறு படம் போடுவதும் உண்டு, நேரம் பாதியாகக் குறையலாம். வெறும் பூவுக்கும் பெயருக்கும் லேசர் எதற்கு?

## விதியைக் கேட்பது எப்படி

எந்த வழியானாலும் விதியை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இன்டர்வியூவில் கேட்பதைவிட அதற்கு முன்னால் எச்.ஆர்.-க்கு இரண்டு வரி மெயில் போதும்: "என் இடது முன்னங்கையில் இத்தனை சென்டிமீட்டரில் ஒரு பூ டாட்டூ இருக்கிறது. முழங்கைக்குக் கீழே வெறுங்கை விதிப்படி அது தெரியும். உங்கள் யூனிஃபார்ம் விதி இதற்கு என்ன சொல்கிறது?" மறைக்கிறேன் என்று நீங்களாகவே வாக்குக் கொடுக்காதீர்கள், மேலே சொன்ன காரணத்துக்காக. பதிலைப் பத்திரமாக வையுங்கள், வார்டு மாறும்போது உதவும்.

என்னிடம் கேட்ட டாக்டருக்கு நான் எழுதியது: கழுத்து என்பதால் லேசர் உங்களுக்குக் கைகொடுக்கும், அது முடியும்வரை கன்சீலரும் காலரும் போதும், இன்டர்வியூவைத் தள்ளிப் போடாதீர்கள். மாணவிக்கு: மணிக்கட்டுக்குப் பதில் தோள்பட்டையில், கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் குத்திக்கொள்ளுங்கள். அம்மா பெயர் தோளிலும் அம்மா பெயர்தான்.

பிசியோதெரபிஸ்ட்டின் இரண்டாவது கடிதத்தில்தான் முழு விஷயமும் இருந்தது. அந்த இலையும் கொடியும் முன்னங்கையிலிருக்கும் பழைய தழும்புகளை மூடுவதற்காகக் குத்தியது. தனக்குத் தானே ஏற்படுத்திக்கொண்ட தழும்புகள், பல வருஷத்துக்கு முன்னால். லேசர் வைத்தால் இலை போகும், அடியில் இருப்பது வெளியே வரும். அழிக்க வேண்டாம், மறைக்கவும் வேண்டாம் என்றேன். எச்.ஆர்.-க்கு எழுத மேலே கொடுத்த இரண்டு வரி போதும், தழும்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் வேண்டாம். நோயாளி கேட்டால் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தை இருவரும் சேர்ந்து தயாரித்தோம், கண்ணாடி முன் பத்துத் தடவை சொல்லிப் பார்க்கச் சொன்னேன்: "எனக்குக் கஷ்டமான ஒரு காலத்தில் போட்டது, இப்போது நன்றாக இருக்கிறேன். சரி, முட்டியை மெதுவாக மடக்குங்கள் பார்க்கலாம்."